கவனம் சிதறினா பரவால்ல, விட்ட இடம் தெரியணும்

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில நோட்டுல ஒரு புதுப் பக்கத்த எடுத்து, மேல தேதிய மட்டும் போட்டு கீபோர்டுக்குப் பக்கத்துல வச்சேன். கையில இருக்கற வேலைய விட்டு மனசு எப்பெல்லாம் வெளிய போகுதோ அப்பெல்லாம் ஒரு கோடு போடணும், அவ்வளவு தான். போன எடுத்தா ஒரு கோடு, மெயில் பாத்தா ஒரு கோடு, யாராவது கூப்பிட்டா ஒரு கோடு, சும்மா வேற டேப்புக்குப் போயிட்டு வந்தாலும் ஒரு கோடு. சாயங்காலம் எண்ணிப் பாத்தா 63 கோடு. நான் வேலை பாத்தது எட்டு மணி நேரம். அந்தப் பக்கத்தப் பாத்துட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன், ஏன்னா நான் என்னைய நல்லா கவனமா வேலை பாக்கற ஆளுன்னு தான் அதுவரைக்கும் நம்பிட்டு இருந்தேன்.

இப்படி எண்ணிப் பாக்கணும்னு தோணுனதுக்கு அதுக்கு முந்தின வாரம் நடந்த ஒரு விஷயம் தான் காரணம். நான் பாக்கறது கணக்கு சரிபாக்கற வேலை, ரெண்டு ஷீட்ட பக்கத்துல பக்கத்துல வச்சு எண்ணெல்லாம் ஒத்துப்போகுதான்னு வரி வரியா பாக்கணும். மாசக் கடைசி ரிப்போர்ட்ட முடிக்கற நேரத்துல ஒரு மெசேஜ் வந்துச்சு, பதில் போட்டேன், அப்படியே ஒரு மெயில், அதுக்கு ஒரு ஃபைல் தேடி அனுப்பினேன், திரும்பி வந்து எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சு ரிப்போர்ட்ட அனுப்பிட்டேன். அதுல ஒரு ஷீட்டுல போன மாசத்து எண்ணே அப்படியே கெடந்துச்சு. மூணு பேர் கை மாறி மேல போனதுக்கு அப்புறம் தான் கண்டுபிடிச்சாங்க. யாரும் பெருசா திட்டல. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. பத்து வருஷமா செய்யற வேலை அது. தெரியாம ஒரு தப்பு நடந்தா கத்துக்கலாம், நல்லாத் தெரிஞ்ச வேலையில தப்பு நடந்தா எதைப் போய் கத்துக்கறது?

அதனால தான் கோடு. மறுநாள் ரெண்டு கலர் பேனா எடுத்தேன், மத்தவங்க கூப்பிட்டு நான் போனா நீலம், நானே போனா சிவப்பு. சாயங்காலம் பாத்தா சிவப்பு தான் அதிகம். எனக்கு இது பெரிய அதிர்ச்சி. அதுவரைக்கும் நான் என்ன சொல்லிட்டு இருந்தேன்னா "எங்க வேலை பாக்க விடறாங்க, ஆளாளுக்கு மெசேஜ் போட்டுட்டே இருக்காங்க"ன்னு தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட இர்வைன் கேம்பஸ்ல க்ளோரியா மார்க்னு ஒரு பேராசிரியர், ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க பக்கத்துலயே இருந்து நேரத்தக் குறிச்சு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவங்க, அவங்க ஆராய்ச்சியிலயும் கிட்டத்தட்ட பாதி தடவை நம்ம வேலைய நாமே தான் நிறுத்தறோம்னு வந்திருக்கு. அதே மாதிரி ஒரு ஸ்கிரீன்ல நம்ம கவனம் சராசரியா எவ்வளவு நேரம் நிக்குதுன்னும் அளந்திருக்காங்க, 2004ல ரெண்டரை நிமிஷமா இருந்தது 2012ல 75 செகண்ட் ஆகி, அப்புறம் சுமார் 47 செகண்டுக்கு வந்துடுச்சு. முன்னாடி இத எங்கயோ படிச்சப்போ "காலம் கெட்டுப் போச்சு"ன்னு நெனச்சிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன். நோட்ட கையில வச்சுக்கிட்டு படிக்கறப்போ தான் உறைச்சுது.

மூணாவது நாள் இன்னொன்னு சேத்தேன். சிவப்புக் கோடு போடறப்போ அதுக்கு ஒரு நொடி முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தேன்னு ரெண்டு மூணு வார்த்தை எழுதணும். "ஃபைல் ஓபன் ஆகல." "41வது வரி ஒத்துப்போகல." "இந்த மெயிலுக்கு என்ன பதில் போடறதுன்னு தெரியல." "மறுபடி 41." "அடுத்த ஷீட் ரொம்ப பெருசு." இப்படியே போச்சு. ஒரு பக்கம் முழுக்க எழுதினதுக்கு அப்புறம் மேல இருந்து படிச்சா ஒரே விஷயம் தான் திரும்பத் திரும்ப வருது. வேலை சுலபமா ஓடறப்போ நான் எங்கயும் போகல. ஒரு இடத்துல சிக்கி, அடுத்து என்ன செய்யறதுன்னு தெரியாம நிக்கறேன் பாருங்க, அந்த ரெண்டு செகண்ட், அப்போ தான் கை தானா போனுக்குப் போகுது. போனுல ஏதோ சுவாரஸ்யமா இருக்குன்னு போகல, சிக்கல்ல நிக்கறது கஷ்டமா இருக்குன்னு போயிருக்கேன். பழக்க தோஷம்னு சொல்வோம்ல, அது இது தான். நான் முடிவு பண்றதுக்கு முன்னாடியே கட்டைவிரல் லாக்க திறந்துடுது.

இது தெரிஞ்சதுக்கு அப்புறம் என்னைய நானே திட்டறது கொஞ்சம் கொறஞ்சுது. சோம்பேறி, மன உறுதி இல்லாதவ, இப்படியெல்லாம் எத்தனை தடவை சொல்லிக்கிட்டேன்னு கணக்கே இல்ல. வெண்டி வுட்னு ஒரு உளவியல் பேராசிரியர், 2002ல அவங்க குழுவோட ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதுல ஆளுங்கள மணிக்கொரு தடவை அப்போ என்ன செய்யறோம், என்ன நெனக்கறோம்னு டைரியில எழுத வச்சாங்க. நாம செய்யறதுல சுமார் 43 சதவீதம், பெரும்பாலும் அதே இடத்துல, யோசனை வேற எங்கயோ இருக்கறப்போவே நடக்கற பழக்கமான செயல்கள்னு வந்துச்சு. கிட்டத்தட்ட பாதி நாள் யோசிக்காமலேயே ஓடுதுன்னா, யோசிச்சு எடுக்கற சபதத்த மட்டும் நம்பி எவ்வளவு தூரம் போக முடியும்?

நான் அதுக்கு முன்னாடி எடுத்த சபதங்கள் நிறைய. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கறது, ஆப்ப எல்லாம் டெலீட் பண்றது, டைம் டேபிள் போட்டு சுவத்துல ஒட்டறது, எல்லாம் பண்ணிருக்கேன், எதுவும் பத்து நாளத் தாண்டல. அத பத்தி இங்க ரொம்ப எழுத வேண்டாம்.

முதல்ல மாத்தினது போன் இருக்கற இடம். டிராயர்ல வச்சேன், டிராயர திறந்து எடுத்தேன். பையில வச்சேன், பையில இருந்து எடுத்தேன். கடைசியா வேற ரூம்ல கொண்டு போய் வச்சதுக்கு அப்புறம் தான் வித்தியாசம் தெரிஞ்சுது, ஏன்னா எந்திரிக்கணும், கதவ திறக்கணும், நடக்கணும், அந்த நாலு அடியில "இப்போ எதுக்குப் போறோம்"னு எனக்கே கேள்வி வந்துடும். முதல் நாள் மட்டும் ஒரு அஞ்சு தடவை எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்திருப்பேன். 2017ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஏட்ரியன் வார்டும் அவர் குழுவும் இதையே சோதிச்சுப் பாத்தாங்க, போன் மேஜை மேல கமுத்தி வச்சிருக்கறவங்க, பாக்கெட்டுலயோ பையிலயோ வச்சிருக்கறவங்க, வேற ரூம்ல வச்சிருக்கறவங்கன்னு பிரிச்சு டெஸ்ட் வச்சா வேற ரூம் ஆளுங்க தான் மேஜை மேல வச்சவங்கள விட நல்லா பண்ணாங்க, இத்தனைக்கும் எல்லாரோட போனும் சைலன்ட்ல இருந்துச்சு. அப்புறம் இதே மாதிரி சோதனைய திரும்ப செஞ்ச சிலருக்கு அந்த ரிசல்ட் வரல, அதையும் சொல்லிடறேன். எனக்கு அந்த வாதம் எப்படி முடிஞ்சாலும் சரி, என் நோட்டுல சிவப்புக் கோடு பாதியா கொறஞ்சுது, எனக்கு அது போதும்.

அவசரத்துக்கு யாராவது கூப்பிட்டா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. எனக்கும் அந்த பயம் இருந்துச்சு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நேரம் வேற. அம்மா, வீட்டுக்காரர், பொண்ணோட ஸ்கூல், ஆபீஸ்ல ஒருத்தர், இந்த நாலு நம்பருக்கு மட்டும் ரிங் சத்தமா கேக்கற மாதிரி செட் பண்ணிட்டு மத்தது எல்லாம் சத்தமே இல்லாம வச்சேன். நோட்டிஃபிகேஷன் சத்தம் ஒன்னுமே பண்ணாது, பாக்கலன்னா போச்சுன்னு நெனக்கறோம்ல, அது அப்படி இல்ல. 2015ல ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல பண்ண ஒரு ஆராய்ச்சியில, போன எடுக்கவே இல்லன்னாலும் ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தது தெரிஞ்சாலே செய்யற வேலையில தப்பு கூடுதுன்னு பாத்திருக்காங்க. யாரு, என்னன்னு மனசு அங்க போயிடுது, கை மட்டும் இங்க இருக்கு.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். போன வேற ரூம்ல வச்சாலும் நீலக் கோடு இருக்கும். யாராவது கூப்பிடுவாங்க, மீட்டிங் வரும், ஸ்கூல்ல இருந்து போன் வரும், நாம தனியா குகையில வேலை பாக்கல. கவனம் சிதறவே கூடாதுன்னு நெனச்சா அந்த நெனப்பே ஒரு நாள்ல உடைஞ்சு போய், "சரி இன்னைக்குப் போச்சு"ன்னு விட்டுடுவோம். எனக்கு அப்படித் தான் ஒவ்வொரு தடவையும் ஆச்சு. நோட்ட இன்னும் உத்துப் பாத்தப்போ தான் எனக்கு ஒன்னு பிடிபட்டுச்சு, வெளிய போறதுக்கு ஆகற நேரம் ரெண்டு நிமிஷம் தான், ஆனா திரும்பி வந்து "எங்க விட்டோம்"னு தேடறதுக்குத் தான் நேரம் போகுது. ஷீட்ட மேலயும் கீழயும் ஸ்க்ரோல் பண்ணிட்டு, ஏற்கனவே பாத்த வரிய மறுபடி பாத்துட்டு, மனசுல இன்னும் அந்த மெசேஜ் ஓடிட்டே இருக்க, அப்போ மறுபடி சிக்கி, மறுபடி கை வேற எங்கயோ போகுது. சங்கிலி மாதிரி. அந்த ரிப்போர்ட் தப்பும் அப்படித் தான் நடந்துச்சு. திரும்பி வந்தப்போ எங்க விட்டேன்னு எனக்குத் தெரியல, தெரியாததால முடிச்சிட்டேன்னு நெனச்சுட்டேன்.

சோஃபி லெராய்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2009ல இதுக்கு ஒரு பேரு வச்சாங்க, தமிழ்ல சொல்லணும்னா கவன மிச்சம்னு சொல்லலாம். ஒரு வேலைய பாதியில விட்டுட்டு இன்னொன்னுக்குப் போறப்போ நம்ம கவனம் முழுசா கூட வர்றதில்ல, ஒரு பகுதி பழைய வேலையிலயே ஒட்டிட்டு நிக்குது, அதனால புது வேலையும் அரைகுறையா போகுதுன்னு காட்டினாங்க. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நாம சொல்றது தான். இதோட அடுத்த பாதி தான் எனக்கு ரொம்ப உதவுச்சு. 2018ல அவங்களும் தெரேசா க்ளாம்ப்னு இன்னொருத்தரும் சேந்து ஒரு சின்ன வழிய சோதிச்சுப் பாத்தாங்க. வேலைய நிறுத்திட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எடுத்து, இப்போ எங்க நிக்கறேன், திரும்பி வந்து முதல்ல என்ன செய்யணும்னு எழுதிட்டுப் போறது. அப்படி எழுதினவங்களுக்கு அந்த ஒட்டுதல் கொறஞ்சுது, குறுக்க வந்த வேலையையும் நல்லா பண்ணாங்க.

நான் அத இன்னும் சின்னதா ஆக்கிட்டேன், ஒரே வரி. யாராவது கூப்பிட்டா "ஒரு செகண்ட்"னு சொல்லிட்டு அந்த வரிய எழுதிட்டுத் தான் திரும்புவேன். என் நோட்டுல இருந்து ரெண்டு உதாரணம் அப்படியே தர்றேன். "ரெண்டாவது ஷீட், 40 வரைக்கும் சரி. 41ல வித்தியாசம் வருது, ஜூன் ஃபைல்ல பாக்கணும்." இன்னொன்னு, "மெயில்ல மூணாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்ல, மொதல்ல அத எழுது." கவனிச்சீங்கன்னா ரெண்டுலயும் அடுத்து கை என்ன செய்யணும்ங்கறது இருக்கு. ஆரம்பத்துல நான் "ரிப்போர்ட் பாக்கணும்"னு மொட்டையா எழுதுவேன், அது எதுக்கும் ஆகல, திரும்பி வந்து படிச்சா மறுபடி முதல்ல இருந்து யோசிக்க வேண்டியிருக்கு. எந்த ஃபைல், எந்த வரி, அடுத்து என்ன, இந்த மூணும் இருந்தா உக்காந்த உடனே கை ஓட ஆரம்பிச்சுடும். சிக்கி நிக்கறப்போவும் இதையே தான் பண்றேன். போனுக்குக் கை போற அந்த ரெண்டு செகண்ட்ல பேனாவ எடுத்து "எனக்கு இங்க என்ன புரியல"ன்னு எழுதறேன். பாதி தடவை எழுதி முடிக்கறதுக்குள்ள பதில் தெரிஞ்சுடுது. தெரியலன்னா யார்கிட்ட கேக்கணும்னாவது தெரிஞ்சுடும்.

நல்ல பேனாவும் ஒரு சாதாரண நோட்டும் போதும் இதுக்கு, ஆப் எதுவும் வேண்டாம். ஆப்ல எழுதலாம்னு போன எடுத்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

மெசேஜுக்கு உடனே பதில் போடற பழக்கம் விட தான் ரொம்ப நாள் ஆச்சு. உடனே பதில் போடலன்னா ஆளு வேலை பாக்கலன்னு நெனச்சுடுவாங்களோன்னு உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல். ஒரு நாள் எங்க டீம்ல இருக்கற சின்னப் பொண்ணுகிட்ட நேராவே கேட்டேன், "நான் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தான் மெசேஜ் பாக்கலாம்னு இருக்கேன்மா, உனக்கு ஏதாவது பிரச்சனையா?"ன்னு. "இல்லக்கா, நீங்க உடனே பதில் போடறதால தான் நான் உங்கள கேக்கறேன், இல்லன்னா நானே தேடிப் பாப்பேன்"ன்னு சொன்னா. ரொம்ப சாதாரணமா தான் சொன்னா, எனக்குத் தான் அத கேட்டு மனசு லேசாச்சு. இத்தனை வருஷமா யாரும் என்கிட்ட எதிர்பாக்காத ஒன்ன நானா தூக்கி சுமந்துட்டு இருந்திருக்கேன். நிஜமாவே அவசரம்னா கூப்பிடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன், இது வரைக்கும் அப்படி கூப்பிட்டது விரல் விட்டு எண்ணிடலாம். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல 2015ல வந்த ஒரு ஆராய்ச்சியில 124 பேர ஒரு வாரம் மெயில ஒரு நாளைக்கு மூணு தடவை மட்டும் பாக்கச் சொல்லி, இன்னொரு வாரம் இஷ்டத்துக்குப் பாக்கச் சொன்னாங்க, மூணு தடவை பாத்த வாரத்துல டென்ஷன் கொறஞ்சிருந்துச்சு. என் அனுபவமும் அதே தான்.

இருபத்தஞ்சு நிமிஷ டைமர் முறைய நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், 1980கள் கடைசியில பிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ கிச்சன் டைமர வச்சு ஆரம்பிச்சது. நான் அத ஆரம்பிக்க மனசே வராத வேலைக்கு மட்டும் வச்சுக்கறேன். ஓடிட்டு இருக்கற வேலைய மணி அடிச்சு நிறுத்தறது எனக்கு ஒத்து வரல, சிலருக்கு வரலாம்.

வேலை முடியற நேரத்துக்கு வர்றேன், இது நிறைய பேர் கவனிக்காத இடம். நான் முன்னாடி லேப்டாப்ப பட்டுன்னு மூடிட்டு எந்திரிச்சுடுவேன், ஆனா மனசு மூடாது. சாப்பிடறப்போ அந்த 41வது வரி, பொண்ணு பேசறப்போ அந்த மெயில். ஒரு நாள் அவ ஸ்கூல்ல நடந்தத சொல்லிட்டே இருந்தா, நான் "ம்... ம்..."னு சொல்லிட்டு இருந்திருக்கேன், பேசறத நிறுத்திட்டு, "அம்மா, நான் இப்போ என்ன சொன்னேன்?"னு கேட்டா. எனக்கு சொல்லத் தெரியல. அவ கோபப்படல, சரி விடுன்னு எந்திரிச்சுப் போயிட்டா. அந்த ரிப்போர்ட் தப்ப விட இது தான் எனக்கு இன்னமும் மனசுல நிக்குது. ரிப்போர்ட்ட திருத்தி அனுப்பிடலாம், ஒரு பத்து வயசுப் பொண்ணு ஆசையா சொல்ல வந்தத மறுபடி அதே ஆசையோட சொல்ல வைக்க முடியாது.

இப்போ லேப்டாப்ப மூடறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி நோட்ட எடுத்து, முடியாம நிக்கற ஒவ்வொரு வேலைக்கும் அதே மாதிரி ஒரு வரி, நாளைக்கு எத்தனை மணிக்கு அத எடுப்பேன்னும் பக்கத்துல எழுதிடறேன். மாசிகாம்போ, பாமைஸ்டர்னு ரெண்டு பேர் 2011ல வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்னு இதுக்குப் பொருந்தும். முடியாத வேலை மனச அரிச்சுட்டே இருக்கும், ஆனா அத எப்போ எப்படி செய்யப் போறோம்னு தெளிவா ஒரு திட்டம் போட்டுட்டா, வேலை முடியலன்னாலும் அந்த அரிப்பு நின்னுடுதுன்னு பாத்தாங்க. மனசுக்கு வேலை முடியணும்னு இல்ல, மறக்க மாட்டோம்ங்கற உறுதி கெடச்சா போதும் போல. தூங்கப் போறதுக்கும் இதே கதை தான். 2018ல பேய்லர் பல்கலைக்கழகத்துல 57 பேர வச்சுப் பாத்தாங்க, படுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் அடுத்து செய்ய வேண்டியத எழுதினவங்க, செஞ்சு முடிச்சத எழுதினவங்கள விட சராசரியா 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கிட்டாங்க.

தூக்கம்னு சொன்னதும் ஒன்னு சொல்லியே ஆகணும். மேல சொன்னது எல்லாத்தையும் செஞ்சு, தூக்கத்த வெட்டினா ஒரு பிரயோஜனமும் இல்ல. 2003ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல, ஆளுங்கள ரெண்டு வாரம் தினமும் 6 மணி நேரமோ அதுக்கும் கம்மியாவோ தூங்க விட்டா அவங்க கவனம் ஒன்னுல இருந்து ரெண்டு ராத்திரி வரைக்கும் சுத்தமா தூங்காதவங்க அளவுக்கு கொறஞ்சு போகுதுன்னு பாத்தாங்க. இதுல பயமுறுத்தறது என்னன்னா, அவங்களுக்கு அது தெரியவே இல்ல, பெருசா தூக்கம் வரலன்னு தான் சொன்னாங்க. நான் அஞ்சு மணிக்கு எந்திரிக்கற சபதம் எடுத்தப்போ படுக்கற நேரத்த மாத்தவே இல்ல, பன்னெண்டு மணிக்குப் படுத்து அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன். அத பெரிய சாதனைன்னு வேற நெனச்சேன். தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க.

எத்தனை நாள்ல பழக்கம் ஆகும்னு கேட்டா எல்லாரும் 21 நாள்னு சொல்வாங்க. அது 1960ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எழுதினதுல இருந்து கிளம்பினது, ஆபரேஷனுக்கு அப்புறம் புது முகம் பழகறதுக்கு குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு அவர் தன் பேஷன்ட்ஸ்ல கவனிச்சத சொன்னாரு, சொல்லிச் சொல்லி எல்லா பழக்கத்துக்கும் 21 நாள்னு ஆயிடுச்சு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியும் அவங்க குழுவும் 96 பேர 12 வாரம் தொடர்ந்து பாத்தப்போ, ஒரு சின்ன பழக்கம் தானா வர ஆரம்பிக்க நடுவாந்திரமா 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம் வந்துச்சு (12 வாரத்துக்கு மேல போற எண்ணெல்லாம் கணக்குப் போட்டு கணிச்சது). நடுவுல ஒரு நாள் விட்டுப் போனா பெருசா பாதிப்பு இல்லன்னும் சொன்னாங்க. இந்தக் கடைசி வரிய நான் நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன். அம்மாவ ஆஸ்பத்திரியில சேத்திருந்த ரெண்டு வாரம் நோட்ட தொடவே இல்ல, போன் ராத்திரி பகலா கையிலயே தான் இருந்துச்சு. முன்னாடி நானா இருந்தா எல்லாம் போச்சுன்னு விட்டிருப்பேன். அம்மா வீட்டுக்கு வந்து தேறினதுக்கு அப்புறம் நோட்ட திறந்தா, ஆஸ்பத்திரிக்கு ஓடறதுக்கு முன்னாடி கிறுக்கலா ஒரு வரி எழுதிட்டுப் போயிருக்கேன், "மூணாவது ஷீட், 112 வரைக்கும் சரி". 113ல இருந்து ஆரம்பிச்சேன்.

போன வாரம் மறுபடி ஒரு நாள் கோடு போட்டுப் பாத்தேன், 19. அதுல நீலம் 12, அத கொறைக்க எனக்கு ஆசையும் இல்ல, மனுஷங்க கூப்பிடத் தான் செய்வாங்க. மிச்சம் இருக்கற 7 சிவப்புல அஞ்சு பிரௌசர் டேப், ஏதாவது ஒரு எண்ண தேடப் போயி அப்படியே வேற எங்கயோ போயிடறேன். போன வேற ரூம்ல வைக்கலாம், பிரௌசர எங்க கொண்டு போய் வைக்கறது? தேட வேண்டியத எல்லாம் நோட்டுல சேத்து வச்சு மத்தியானம் ஒரே தடவையில தேடலாம்னு இந்த வாரம் ஆரம்பிச்சிருக்கேன், இன்னைக்கு நாலாவது நாள். உங்களுக்கு இதுல வேற ஏதாவது வழி ஒத்து வந்திருந்தா சொல்லுங்க, எனக்கு நிஜமாவே தேவைப்படுது.